நேராக இருந்த வேர்கள்

விதைப் பரிசோதனை நிலையத்தில்
எனக்குக் கொடுத்த வேலை எண்ணுவது.
நூறு நூறாக நான்கு.
ஈரத்தாளில் பரப்பிப் பாயாகச் சுருட்டி
ரப்பர் பேண்ட் போட்டு
முளைப்பு அறையில் நிறுத்த வேண்டும்.
படுக்கவைத்தால் தில்ஷாத் திட்டுவாள்.

வெளியே வேலூர் நாற்பத்து மூன்று டிகிரி,
தார் செருப்போடு எழுந்து வரும்.
உள்ளே இருபத்தைந்து.
நிலக்கடலைக்கு மட்டும் மார்கழி.

முதல் நாள் ஒன்றும் நடக்காது,
அல்லது நடக்காததுபோல் இருக்கும்.
தண்ணீர் குடித்துக் குடித்துப் பருத்து
சிவப்புத் தோல் ஒரு பக்கம் கீறும்.
இரண்டு பருப்புக்கும் நடுவே மூக்குபோல் இருக்குமே,
தின்னும்போது சிலர் கிள்ளி எறிவார்களே,
அதுதான்.
இலைக்கு முன், தண்டுக்கு முன்
அது வெளியே வரும்.

புதிதாகப் பிறந்ததில்லை அது.
பூ வாடியபின் காம்பு ஊசியாகித்
தலைகவிழ்ந்து செம்மண்ணைக் குத்திய நாட்களில்,
விரல்விட்டு எண்ணும் செல்களாகக் கரு இருந்தபோதே
எந்தப் பக்கம் வேர் என்று ஆகிவிட்டது.
பிறகு காய்ந்தது, மூட்டையில் கிடந்தது,
கலவை மண்டியில் துண்டுக்கடியில் விலை பேசப்பட்டது.
இப்போது
விட்ட வேலையைத் தொடுகிறது.

நுனியில் ஒரு தொப்பி.
தொப்பிக்குள் மாவுமணிகள்.
அவை எந்தச் சுவரில் சரிந்து விழுகின்றனவோ
அந்தப் பக்கம் கீழ்.
அவ்வளவுதான் அதன் பூகோளம்.

மாதிரி எண் முந்நூற்றுப் பதினேழு.
சம்பங்கி நேரில் கொண்டுவந்தார்.
ராணிப்பேட்டைக்கு அப்பால் ஒன்றரை ஏக்கர்.
"மொளைக்குது மேடம், அதுக்கப்பறம் நின்னுடுது.
வெதையா தண்ணியான்னு பாத்து சொல்லுங்க."
கோலா பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர்,
தெளிவு, லேசாக எலுமிச்சை நிறம்.
விதிமுறையில் அதற்கு இடமில்லை.
நான்கு சுருள் எங்கள் தண்ணீரில் வைத்தேன்,
நான்கு அவர் தண்ணீரில்.

சனிக்கிழமை ராத்திரி புழுதிக்காற்று, மின்வெட்டு.
வாட்ச்மேன் ஏகவள்ளி அண்ணன்
டார்ச்சைத் தேடித் தட்டில் இடித்திருக்கிறார்.
திங்கள் காலை திறந்தபோது
எல்லாச் சுருளும் படுத்துக் கிடந்தன.

பிரித்தோம்.
எல்லா வேரிலும் ஒரு முழங்கை.
சனி வரைக்கும் நேராக இறங்கி
தட்டு சாய்ந்த ராத்திரியில்
கீழ் எங்கே போயிற்று என்று தேடி
மடங்கிய இடம்,
வருகைப் பதிவேட்டில் கையெழுத்துபோல.
சம்பங்கியின் விதையும்தான்:
எங்கள் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு முழங்கை.

அவர் தண்ணீர்ச் சுருளைப் பிரித்த தில்ஷாத்
சந்தோஷமாகக் கூப்பிட்டாள்:
"இதுங்க மட்டும் நேரா இருக்கு, பாருங்க!"

நேராகத்தான் இருந்தன.
அரை விரல்கடை நீளம்,
நுனி டீத்தூள் நிறம்.
மாவுமணிகள் சரிந்திருக்கலாம்,
கீழ் எதுவென்று தெரிந்தும் இருக்கலாம்.
திரும்புவதற்கு வளர வேண்டும்.

சாய்ந்த சோதனை செல்லாது. மறுபடி வைத்தேன்.
பத்து நாள். மறுபடி அதே.

படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன.
இயல்பான நாற்று, இயல்பற்ற நாற்று,
கடின விதை, இறந்த விதை.
தண்ணீருக்குக் கட்டம் கிடையாது.
முளைப்புத்திறன் தொண்ணூற்றொன்று என்று எழுதி
முத்திரை வைத்தேன், உண்மைதான் அது.

"நல்ல விதைங்க" என்றேன்.
"அப்ப வெதையை மாத்திப் பிரயோஜனம் இல்ல."
அவர் கேட்கவில்லை, சொன்னார்.
சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து
பாலாற்றுப் பாலம் தாண்டும் பஸ்ஸுக்குப் போனார்.

பாட்டிலில் கால்வாசி மீதி.
கழுவுதொட்டியில் ஊற்றினால்
குழாய் போய் முடிகிற இடத்தில் ஒரு வேம்பு.
தெருவில் ஊற்றினால் தெருவுக்கும் அடியில் ஏதோ இருக்கும்.
ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
நாலு மணி வெயில் அதில் படும்போது
மேஜைமேல் மஞ்சளாக ஒரு நிழல் விழுகிறது.
பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.